ட்ரிகர் சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

"இந்த டேபிளில் ஒரு வரி விழுந்தால் அந்த வேலையை நீயே செய்துவிடு" என்று டேட்டாபேஸிடம் ஒப்படைத்துவிடுவதுதான் ட்ரிகர். ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. பிழைத்துப்போனால் எங்கே பிழைத்தது என்பதும் தெரியாது, ஏனென்றால் அது திரையில் வராது, பொத்தான் எதையும் அழுத்தி ஓடவைப்பதில்லை, நிரலில் தேடினாலும் அகப்படாது. அதனால் இங்கே கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியில் தொடங்கி உள்ளே போகிறேன். உங்கள் கணக்கில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

உதாரணத்துக்குத் திருகோணமலையில் ஒரு மீன் வாடியை எடுத்துக்கொள்வோம். விடியப்புறம் படகுகள் கரைக்கு வரும், மீனை நிறுப்பார்கள், கணக்குப்பிள்ளை கொம்பியூட்டரில் போடுவார். நான்கு டேபிள்கள்: கொள்வனவு (எந்தப் படகு, எந்த மீன், எத்தனை கிலோ, என்ன விலை), இருப்பு (ஒவ்வொரு மீனிலும் கையில் எத்தனை கிலோ), படகுக்கணக்கு (முதலாளி கொடுத்த முற்பணத்தில் கழிந்தது எவ்வளவு), மாற்றப்பதிவு (யார் எதை எப்போது மாற்றினார்). கொள்வனவில் ஒரு ரோ (வரி) விழுந்தால் இருப்பு ஏற வேண்டும், முற்பணம் கழிய வேண்டும், பதிவும் எழுதப்பட வேண்டும். இந்த மூன்றும் ட்ரிகர் வேலை. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ்களையும் சேர்த்தே சொல்கிறேன், இரண்டும் நடந்துகொள்ளும் விதம் பல இடங்களில் வேறு.

முதலில் ஒன்றே ஒன்று: அது ஓடியதா, இல்லையா?

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நிரலைத் திருத்தப் போகாதீர்கள். ஓடவே இல்லை என்றால் தேட வேண்டிய இடம் வேறு, ஓடிப் பிழையாகச் செய்தது என்றால் தேட வேண்டிய இடம் வேறு. பாதி நேரம் வீணாவது இதைக் கலக்குவதால்தான்.

மைஎஸ்கியூஎல்லில் 'ஷோ ட்ரிகர்ஸ்' என்று கேளுங்கள், அந்த டேட்டாபேஸில் உள்ளவை வரிசையாக வரும். போஸ்ட்கிரெஸில் பீஎஸ்கியூஎல் திரையில் பேக்ஸ்லாஷ் டி போட்டு டேபிள் பெயரை எழுதினால் அடியில் ட்ரிகர்களின் பட்டியல் இருக்கும், நிறுத்தி வைத்தவை தனியாகக் காட்டப்படும். 'பிஜி_ட்ரிகர்' டேபிளில் 'டிஜிஎனேபிள்ட்' என்ற கொலத்தையும் பாருங்கள்: ஓ என்றால் வழக்கம்போல ஓடும், டி என்றால் நிறுத்தியிருக்கிறது, ஆர் என்றால் ரெப்ளிகா நிலையில் மட்டும் ஓடும், ஏ என்றால் எப்போதும் ஓடும்.

இருக்கிறது, ஆனால் ஓடுகிறதா என்று பார்க்க, போஸ்ட்கிரெஸில் ஃபங்ஷனுக்குள் ஒரு 'ரெய்ஸ் நோட்டிஸ்' போட்டால் போதும். மைஎஸ்கியூஎல்லில் அப்படி அச்சிட வழியில்லை. ட்ரிகருக்குள் ஒரு அட் குறி மாறிக்கு மதிப்பைக் கொடுத்துவிட்டு, அதே இணைப்பில் அதை செலக்ட் செய்து பாருங்கள். சிலர் சோதனைக்கென்று ஒரு லொக் டேபிளில் எழுதிப் பார்ப்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. ட்ரிகர் எழுதுவதெல்லாம் அதை எழுப்பிய கட்டளையின் ட்ரான்ஸாக்ஷனுக்குள்தான் (முழுதாகப் பதியும், இல்லையேல் முழுதாகக் கைவிடப்படும் வேலைத்தொகுதி) நடக்கிறது, ஆகவே கடைசியில் ரோல்பேக் ஆனால், அதாவது கைவிடப்பட்டால், லொக்கில் எழுதியதும் சேர்ந்தே அழிந்துவிடும், நீங்கள் 'ஓடவே இல்லை' என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

அறிகுறி: ரோ விழுகிறது, எரர் இல்லை, ஆனால் இருப்பு ஏறவில்லை

வாடியில் இருந்து இப்படித்தான் போன் வரும்: "தம்பி, அறக்குளா முப்பது கிலோ போட்டனான், பில்லும் வந்திட்டுது, இருப்பில ஒண்டும் ஏறேல்ல." சூரை ஏறுகிறதா அண்ணை என்று திருப்பிக் கேளுங்கள். சூரையும் பாரையும் ஏறி அறக்குளா மட்டும் ஏறவில்லை என்றால் விடை கைக்கு வந்துவிட்டது. இருப்பு டேபிளில் அறக்குளாவுக்கு ரோவே இல்லை. ட்ரிகருக்குள் இருப்பது

அப்டேட் இருப்பு செட் கிலோ = கிலோ + நியூ.கிலோ வேர் மீன் = நியூ.மீன்

என்ற ஒரே வரி. நியூ என்பது இப்போது விழுகிற ரோ, ஓல்ட் என்பது மாறுவதற்கு முன் இருந்த ரோ. பொருந்துகிற ரோ இல்லாவிட்டால் அப்டேட் பூச்சியம் ரோக்களை மாற்றிவிட்டு வெற்றியென்று திரும்பும், அது எரர் அல்ல. பருவம் மாறும்போது, புது வகை மீன் வரத் தொடங்கும்போதுதான் இது வெளியே வரும். திருத்தம் இரண்டு வகை: ரோ இல்லையென்றால் போடு, இருந்தால் கூட்டு என்று எழுதுவது (போஸ்ட்கிரெஸில் 'ஒன் கொன்ஃப்ளிக்ட்', மைஎஸ்கியூஎல்லில் 'ஒன் டூப்ளிகேட் கீ அப்டேட்'), அல்லது அப்டேட்டுக்கு அடுத்த வரியிலேயே எத்தனை ரோ மாறியது என்று பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் எரர் எழுப்புவது. போஸ்ட்கிரெஸில் அதற்கு 'ஃபவுண்ட்' என்ற மாறி இருக்கிறது, மைஎஸ்கியூஎல்லில் 'ரோ_கவுண்ட்' ஃபங்ஷன். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மீனின் பெயரை ஒருவர் 'அறக்குளா' என்றும் இன்னொருவர் 'அறுக்குளா' என்றும் அடித்தால் முதல் வழி இரண்டு இருப்புகளை உண்டாக்கிவிடும், இரண்டாவது வழி அந்த இடத்திலேயே நிறுத்தும்.

எந்த மீனும் ஏறவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். போஸ்ட்கிரெஸில் 'ஃபோர் ஈச் ரோ' என்று எழுத மறந்துவிட்டால் அது கட்டளைக்கு ஒரு முறை ஓடும் ட்ரிகராகிவிடும். கேட்காமல் விட்டால் அதுதான் இயல்புநிலை. அப்படி ஓடும்போது நியூவில் ஒன்றும் இருக்காது, 11ஆம் பதிப்பில் இருந்து அது வெறும் 'நல்', அதாவது மதிப்பே இல்லாத நிலை. நல்லைக் கூட்டினால் நல், நல்லோடு ஒப்பிட்டால் எந்த ரோவும் பொருந்தாது, எரரும் வராது.

இன்னொன்று, ஒப்பிடுதல். 'ஓல்ட்.விலை <> நியூ.விலை என்றால் பதிவு எழுது' என்று வைத்திருக்கிறீர்கள். விலை பேசாமல் மீனை இறக்கிவிட்டு, மத்தியானம் விலை போடுகிறார்கள். பழைய விலை நல், புதியது 900. நல்லை எதனோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் அல்ல பொய்யும் அல்ல, அதனால் அந்த இஃப் திறக்காது. போஸ்ட்கிரெஸில் 'இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்' என்று எழுதுங்கள். மைஎஸ்கியூஎல்லில் <=> என்ற குறி நல்லையும் சேர்த்துச் சரியாக ஒப்பிடும், அதற்கு முன்னால் நொட் போட்டால் வேலை முடிந்தது.

'அப்டேட் ஒஃப் விலை' என்று குறிப்பிட்ட கொலத்துக்கு மட்டும் ட்ரிகர் கட்டியிருந்தால், போஸ்ட்கிரெஸ் பார்ப்பது கட்டளையின் செட் பகுதியில் விலை என்ற பெயர் இருக்கிறதா என்பதை மட்டுமே. வேறொரு பிஃபோர் ட்ரிகர் (ரோ எழுதப்படுவதற்கு முன் ஓடுவது, எழுதிய பின் ஓடுவது ஆஃப்டர்) உள்ளுக்குள் விலையை மாற்றினால் இது எழும்பாது.

அறிகுறி: இன்சர்ட் செய்த ரோவையே காணவில்லை

இது போஸ்ட்கிரெஸுக்கே உரியது. திரும்பி வந்த விடையைக் கவனியுங்கள். 'இன்சர்ட் 0 1' என்று வர வேண்டிய இடத்தில் 'இன்சர்ட் 0 0' என்று வந்தால், ஒரு பிஃபோர் ட்ரிகர் 'ரிட்டர்ன் நல்' என்று திரும்பியிருக்கிறது. பிஃபோரில் நல் திருப்பினால் அந்த ரோவை விட்டுவிடு என்று பொருள், போஸ்ட்கிரெஸ் சத்தமில்லாமல் விட்டுவிடும். பெரும்பாலும் ஆஃப்டருக்கு எழுதிய ஃபங்ஷனைப் பிஃபோருக்குக் கட்டும்போது இது நடக்கிறது: ஆஃப்டரில் எதைத் திருப்பினாலும் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் அங்கே நல் எழுதுவது வழக்கம். பிஃபோர் என்றால் இன்சர்ட்டுக்கும் அப்டேட்டுக்கும் 'ரிட்டர்ன் நியூ', டிலீட்டுக்கு 'ரிட்டர்ன் ஓல்ட்'. டிலீட்டில் நியூ என்று எழுதினால் அது நல், ஒன்றும் அழியாது, "அழிக்கிறேன், அழியுதில்லை" என்று ஆட்கள் வந்து நிற்பார்கள்.

அறிகுறி: இருப்பு இரண்டு மடங்காக ஏறுகிறது

முதலில் பட்டியலைப் பாருங்கள், ஒரே வேலையை இரண்டு பெயரில் இரண்டு ட்ரிகர்கள் செய்கின்றனவா என்று. பெயரை மாற்றிப் புதிதாக உண்டாக்கிவிட்டுப் பழையதை அழிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும். மைஎஸ்கியூஎல் 5.7.2க்கு முன்னால் ஒரு நிகழ்வுக்கு ஒரு ட்ரிகர்தான் என்பதால் பழைய சேர்வரில் எரர் வந்து காப்பாற்றியது, இப்போது அது இல்லை. அப்புறம் அப்ளிகேஷன் நிரலிலும் இருப்பைக் கூட்டுகிறார்களா என்று அதை எழுதியவரிடம் நேரே கேட்டுவிடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் பிஃபோர் இன்சர்ட்டைச் சந்தேகியுங்கள். கரையில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் கைபேசி அதே பில்லைத் திரும்ப அனுப்பும், நீங்களும் அதற்காக 'ஒன் கொன்ஃப்ளிக்ட்' போட்டு ஏற்கெனவே உள்ள பில்லென்றால் அப்டேட் செய் என்று எழுதியிருப்பீர்கள். ரோ ஒன்றுதான் இருக்கும். ஆனால் பிஃபோர் இன்சர்ட் ட்ரிகர், மோதல் இருக்கிறதா என்று தெரிவதற்கு முன்னரே ஓடிவிடும், மைஎஸ்கியூஎல்லின் 'ஒன் டூப்ளிகேட் கீ' வழியிலும் இதே கதைதான். அதற்குள் இருப்பைக் கூட்டியிருந்தால் ஒவ்வொரு மறு அனுப்பலுக்கும் ஒரு முறை கூடும். ஆஃப்டர் இன்சர்ட் அப்படியல்ல, உண்மையில் புது ரோ விழுந்தால் மட்டும் ஓடும். எனவே இதைக் கட்டாயமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: தன் ரோவைத் திருத்துவது பிஃபோரில், மற்ற டேபிளைத் தொடுவது ஆஃப்டரில்.

அறிகுறி: திருத்தினால் கணக்கு கெடுகிறது

52 கிலோ என்று போட்டதை 25 என்று திருத்துகிறார்கள். இருப்பு 27 குறைய வேண்டும், ஆனால் அப்படியே நிற்கிறது, அல்லது 25 கூடுகிறது. நிற்கிறது என்றால் அப்டேட்டுக்கு ட்ரிகரே கட்டவில்லை. கூடுகிறது என்றால் இன்சர்ட்டுக்கு எழுதியதை அப்படியே அப்டேட்டுக்கும் கட்டிவிட்டார்கள்.

'கிலோ + நியூ.கிலோ - ஓல்ட்.கிலோ' என்று எழுதினால் போதும் என்று தோன்றும். போதாது. கணக்குப்பிள்ளை எடையை விட்டுவிட்டு மீனின் பெயரைத் திருத்தினால், அதாவது பாரை என்று போட்டது உண்மையில் சூரை என்றால், அந்த வரி சூரையில் பூச்சியம் கூட்டும், பாரையில் கை வைக்காது. அதனால் இரண்டு படியாக எழுதுங்கள்: ஓல்ட்.மீனில் இருந்து ஓல்ட்.கிலோவைக் கழி, நியூ.மீனில் நியூ.கிலோவைக் கூட்டு. எந்தக் கொலம் மாறினாலும் இது சரிவரும். டிலீட்டுக்கு முதல் படி மட்டும், இன்சர்ட்டுக்கு இரண்டாவது மட்டும். படகின் முற்பணத்துக்கும் இதே மாதிரித்தான், ஒரு படகின் மீனை மற்றப் படகின் பெயரில் போட்டுவிட்டுத் திருத்துவது வாடியில் எந்த நாளும் நடக்கிற காரியம், இங்கே பிழைத்தால் ஒரு சம்மாட்டியின் கடன் இன்னொருவர் தலையில் விழும்.

அறிகுறி: அழித்தது ட்ரிகருக்குத் தெரியவில்லை

'ட்ரங்கேட்' செய்தால் டிலீட் ட்ரிகர் ஓடாது, இரண்டு டேட்டாபேஸிலும் இல்லை. போஸ்ட்கிரெஸில் ட்ரங்கேட்டுக்கென்றே தனி ட்ரிகர் கட்டலாம். மைஎஸ்கியூஎல் 8 வரிசையில் இன்னொன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது: படகை அழித்தால் அதன் கொள்வனவுகளும் சேர்ந்து அழியும்படி, டேபிள்களை இணைக்கும் ஃபொரின் கீயில் கஸ்கேட் வைத்திருந்தால், அப்படி அழிகிற ரோக்களுக்கு ட்ரிகர் எழும்பாது. போஸ்ட்கிரெஸில் எழும்பும். மைஎஸ்கியூஎல்லில் இதற்குச் சுற்றுவழி தேடாமல் கஸ்கேட்டை எடுத்துவிட்டு, பெற்றோர் டேபிளின் பிஃபோர் டிலீட் ட்ரிகரில் பிள்ளை ரோக்களை வெளிப்படையாக டிலீட் செய்யுங்கள், அப்போது அவற்றின் ட்ரிகர்கள் ஓடும்.

அறிகுறி: 1442 எரர், அல்லது ஸ்டாக் டெப்த் எரர்

இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம்: ட்ரிகர் தன்னை எழுப்பிய டேபிளையே திரும்பத் தொடுகிறது. மைஎஸ்கியூஎல் உடனே 1442 என்று மறுத்துவிடும், வேறொரு டேபிளின் ட்ரிகர் வழியாகச் சுற்றி வந்தாலும் மறுக்கும். போஸ்ட்கிரெஸ் விடும், அப்டேட் ட்ரிகர் அப்டேட்டை எழுப்ப, அது மறுபடி ட்ரிகரை எழுப்ப, கடைசியில் 'ஸ்டாக் டெப்த் லிமிட் எக்ஸீடட்' என்று விழும். கூடவே எல்லையை உயர்த்திப் பாருங்கள் என்று ஒரு குறிப்பும் வரும். உயர்த்தாதீர்கள், முடிவில்லாத சுற்றுக்கு எந்த எல்லையும் போதாது.

தன் ரோவிலேயே மொத்த விலையைக் கணக்கிட்டுப் போடத்தான் முயல்கிறீர்கள் என்றால் அப்டேட் கட்டளையே தேவையில்லை, பிஃபோரில் நியூ.மொத்தம் என்பதற்கு மதிப்பைக் கொடுங்கள். இதை ஆஃப்டரில் செய்தால் மைஎஸ்கியூஎல் 1362 என்று நிறுத்தும், போஸ்ட்கிரெஸோ ஒன்றும் சொல்லாமல் புறக்கணிக்கும். உண்மையிலேயே அதே டேபிளின் இன்னொரு ரோவைத் தொட வேண்டும் என்றால் போஸ்ட்கிரெஸில் ட்ரிகரின் 'வென்' பகுதியில் பழையதும் புதியதும் வேறா என்று நிபந்தனை வையுங்கள். 'பிஜி_ட்ரிகர்_டெப்த்' என்ற ஃபங்ஷனை வைத்து ஆழத்தைப் பார்த்தும் நிறுத்தலாம், ஆனால் அது வேறு ட்ரிகரில் இருந்து நியாயமாக வருகிற மாற்றத்தையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

அறிகுறி: விடியற்காலை மீன் முதல் நாள் கணக்கில் போய் விழுகிறது

நம்முடைய ஊரில் இது நேரே பணத்தில் கை வைக்கிற பிழை. காலை 4:10க்குப் படகு வருகிறது, மீனை நிறுத்துப் போடுகிறார்கள், ட்ரிகர் இன்றைய தேதியைக் கொலத்தில் எழுதுகிறது. சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, அங்கே இன்னும் முதல் நாள் இரவு 10:40. அதனால் மீன் நேற்றைய தேதியில் போகிறது. 5:30க்குப் பிறகு வருகிற படகெல்லாம் சரியாக விழும். நேற்றைய கணக்கைப் பூட்டிக் காசும் எண்ணி வைத்த பிறகு, காலையில் பார்த்தால் நேற்றைய மொத்தம் கூடியிருக்கும், கணக்குப்பிள்ளைமேல் சந்தேகம் வரும். பகலில் எத்தனை முறை சோதித்தாலும் பிழை அகப்படாது. பிழையான ரோக்களை எடுத்து உண்மையான நேரத்தின்படி அடுக்கிப் பாருங்கள், எல்லாம் நள்ளிரவுக்கும் ஐந்தரைக்கும் இடையில் நின்றால் இதுதான் காரணம்.

போஸ்ட்கிரெஸில் நவ் என்பதை 'அட் டைம் சோன்' போட்டு 'ஏசியா/கொலம்போ' நேரத்துக்கு மாற்றி, அப்புறம் தேதியை எடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் யூடிசி நேரத்தை எடுத்து 'கன்வர்ட்_டீஸி' மூலம் +05:30க்கு மாற்றுங்கள். ட்ரிகர் உண்டாக்கியபோது இருந்த எஸ்கியூஎல் மோட் அதனோடு சேமிக்கப்படும், ஆனால் நேர வலயம் அப்படியல்ல, ஓடுகிற இணைப்பின் வலயம்தான் எடுக்கப்படும், அதனால் வாடிக் கொம்பியூட்டரில் சரியாகவும் கைபேசி வழியே பிழையாகவும் வரலாம். பழைய கணக்குகளை ஏற்றுகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: இலங்கை நேரம் 2006 ஏப்ரலுக்கு முன் +6. வலயப் பெயர் அதை அறியும், +05:30 என்ற நிலையான எண் அறியாது.

ஏற்கெனவே பிழைத்த ரோக்களைத் திருத்த, நேர வலயத்தோடு சேமித்த நேரக் கொலம் ஒன்று வேண்டும். அது இருந்தால் ஒரே அப்டேட்டில் தேதிகளைத் திரும்பக் கணக்கிடலாம். வெறும் தேதியை மட்டும் வைத்திருந்தால் பில் புத்தகத்தைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும், ஆகவே அந்தக் கொலத்தை இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: எனக்கு ஓடுகிறது, கணக்குப்பிள்ளையின் லொகினில் ஓடவில்லை

போஸ்ட்கிரெஸில் 'பெர்மிஷன் டினைட்' என்று மாற்றப்பதிவு டேபிளின் பெயர் வந்தால், ட்ரிகர் ஃபங்ஷன் ஓடுவது கட்டளை கொடுத்தவரின் உரிமையோடு என்பதை நினைவில் கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளைக்குப் பதிவு டேபிளில் எழுதும் உரிமை கொடுப்பது தீர்வல்ல, அப்படிக் கொடுத்தால் பதிவில் தானே எழுதவும் முடியும். ஃபங்ஷனை அதன் உரிமையாளரின் உரிமையோடு ஓடும்படி 'செக்யூரிட்டி டிஃபைனர்' ஆக்கி, கூடவே அதன் 'சேர்ச் பாத்' (பெயர்களைத் தேடும் இடங்கள்) எதுவென்றும் நிலையாக எழுதிவிடுங்கள். அதன் பிறகு உள்ளே 'கரண்ட் யூசர்' என்று கேட்டால் உரிமையாளர் பெயர்தான் வரும், உண்மையில் வந்தவர் 'செஷன் யூசர்'.

மைஎஸ்கியூஎல்லில் 1449 வந்தால் சேர்வரை மாற்றியிருக்கிறீர்கள். பழைய சேர்வரில் ட்ரிகரை உண்டாக்கிய பயனர் புதியதில் இல்லை. அந்தப் பெயரில் பயனரை உண்டாக்குங்கள், அல்லது ட்ரிகர்களை அழித்துப் புதிய டிஃபைனரோடு (யாருடைய உரிமையில் ட்ரிகர் ஓடுகிறதோ அந்தப் பயனர்) எழுதுங்கள். உண்டாக்கும்போதே 1064 வந்து, உள்ளே இருக்கும் முதல் அரைப்புள்ளியைச் சுட்டினால், கட்டளை முடிவைக் காட்டும் குறியான டிலிமிட்டரை மாற்றாமல் ஓட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: தமிழில் எழுதிய எரர் வாசகம் கேள்விக்குறிகளாக வருகிறது

'முற்பணத்தை விடக் கூடக் கழிக்க முடியாது' என்று எரர் எழுப்பும் 'சிக்னல்' கட்டளையில் எழுதியிருப்பீர்கள், திரையில் கேள்விக்குறிகள். மைஎஸ்கியூஎல் ட்ரிகரோடு அதை உண்டாக்கிய இணைப்பின் எழுத்துக் குறியீட்டு வகையும் (கேரக்டர் செட்) சேமிக்கப்படுகிறது. 'ஷோ கிரியேட் ட்ரிகர்' கொடுத்துப் பார்த்தால் லத்தீன்1 என்று இருக்கும். இணைப்பை யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றிவிட்டு ட்ரிகரை அழித்துத் திரும்ப உண்டாக்குங்கள். வாசகம் 128 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தமிழில் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் நினைப்பதை விடச் சீக்கிரம் முடிந்துவிடும், சுருக்கமாக எழுதுங்கள்.

அறிகுறி: படகுகள் குவிகிற நேரத்தில் எல்லாத் திரையும் இறுகிப்போகிறது

சூரைக்கு இருப்பில் ஒரே ஒரு ரோ. அந்த ரோவை ஒரு ட்ரிகர் தொட்டால் கொமிட் ஆகும்வரை, அதாவது மாற்றம் உறுதியாகப் பதியும்வரை, அடுத்தவர் காத்திருக்க வேண்டும். கொமிட் உடனே நடந்தால் இது பிரச்சினையே அல்ல. ஆனால் பில்லை அச்சடித்துவிட்டுத்தான் கொமிட் என்று எழுதியிருந்தால், பிரின்டரில் கடதாசி தீர்ந்த நேரம் முழுக்கச் சூரை பூட்டுப்பட்டுக் கிடக்கும், மற்ற மேசைகளில் யாரும் சூரை போட முடியாது. மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக 50 வினாடி காத்துவிட்டு 1205 வரும். கொமிட் முதலில், அச்சு பிறகு. குறுஞ்செய்தி அனுப்புவதும் அப்படித்தான், ட்ரிகருக்குள் வெளியுலகத்தைத் தொடும் வேலை எதுவும் வேண்டாம். அனுப்ப வேண்டியதை ஒரு டேபிளில் எழுதி வையுங்கள், வேறொரு நிரல் அதை எடுத்து அனுப்பட்டும்.

1213 என்றோ போஸ்ட்கிரெஸில் 'டெட்லொக் டிடெக்டட்' என்றோ வந்தால், ஒரு பில்லில் சூரைக்குப் பிறகு பாரை, மற்றதில் பாரைக்குப் பிறகு சூரை, இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கின்றன. பில்லின் வரிகளை மீன் எண்ணின்படி அடுக்கிவிட்டு இன்சர்ட் செய்தால் எல்லோரும் ஒரே வரிசையில் பூட்டுவார்கள், மோதல் அடங்கும்.

பெரிய கோப்பை ஏற்றும்போது மட்டும் மெதுவாக இருந்தால், போஸ்ட்கிரெஸ் 10இல் இருந்து கட்டளை மட்ட ட்ரிகருக்குப் புதிய ரோக்கள் முழுவதையும் ஒரு தற்காலிக டேபிள்போலக் கொடுக்கும் வசதி இருக்கிறது, ரோ ரோவாகக் கூட்டாமல் மீன்வாரியாக ஒரே தடவையில் கூட்டலாம்.

அறிகுறி: ட்ரிகர் தடுத்தும் ஒரே அறை இரண்டு பேருக்குப் போகிறது

இதற்கு வாடியை விட்டுவிட்டு நிலாவெளிப் பக்கம் ஒரு தங்குமிடத்தைப் பாருங்கள். பருவ காலம், கடற்கரைப் பக்க அறைக்குப் போட்டி. அந்தத் தேதிகளில் வேறு பதிவு இருக்கிறதா என்று பிஃபோர் ட்ரிகர் செலக்ட் செய்து பார்க்கிறது, இருந்தால் தடுக்கிறது. சோதித்தால் சரியாக ஓடும். ஆனால் இரண்டு பேர் ஒரே கணத்தில் பதிந்தால், ஒருவர் இன்னும் கொமிட் செய்யாத ரோ மற்றவரின் செலக்ட்டுக்குத் தெரியாது, இரண்டு ட்ரிகரும் "அறை காலி" என்று விடும், இரண்டும் கொமிட் ஆகும். புறாத் தீவு பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் ஒரு சாவிக்கு முன்னால் நிற்கும்.

ட்ரிகரின் நிரலை எவ்வளவு திருத்தினாலும் இது தீராது, ஏனென்றால் பிழை நிரலில் இல்லை. போஸ்ட்கிரெஸில் தேதி வீச்சுக்கு எக்ஸ்குளூஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒன்றோடொன்று மோதும் ரோக்களை ஏற்காத விதி) போடுங்கள், அறை எண்ணையும் அதில் சேர்க்க 'பீட்ரீ_ஜிஸ்ட்' நீட்டிப்பு வேண்டும். டேட்டாபேஸே ஒன்றை மறுத்துவிடும். மைஎஸ்கியூஎல்லில் அப்படியொன்று இல்லாததால், பதிவதற்கு முன் அந்த அறையின் ரோவை 'ஃபோர் அப்டேட்' போட்டுப் பூட்டிவிட்டுப் பிறகு தேதிகளை, அதையும் பூட்டும் வாசிப்பாகவே, பாருங்கள். கன்ஸ்ட்ரெய்ன்டால் சொல்ல முடிகிற எதையும் ட்ரிகரால் சொல்லாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: பில்லில் 501, மாற்றப்பதிவில் 502

போஸ்ட்கிரெஸில் ட்ரிகருக்குப் பதில் 'கிரியேட் ரூல்' போட்டு யாரோ பதிவு எழுதியிருக்கிறார்கள். ரூல் ட்ரிகர்போல ரோவைப் பார்த்து ஓடுவதில்லை, அது கட்டளையையே ஓடுவதற்கு முன் திருத்தி எழுதிவிடும். நியூ.எண் என்று நீங்கள் எழுதிய இடத்தில் மதிப்பு வராது, அந்த மதிப்பைத் தருகிற கோவை, அதாவது அடுத்த எண்ணைக் கேட்கும் 'நெக்ஸ்ட்வால்', அப்படியே போய் அமரும். அதனால் அது இரண்டு தடவை கேட்கப்படுகிறது, பில்லுக்கு ஒரு எண், பதிவுக்கு அடுத்த எண். கொப்பி கட்டளையால் ஏற்றிய ரோக்களுக்கு ரூல் ஓடவே ஓடாது, ட்ரிகர் ஓடும். இன்சர்ட் ரூல் உள்ள டேபிளில் 'ஒன் கொன்ஃப்ளிக்ட்' போட்டாலும் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும்.

ரூலைத் திருத்த மெனக்கெட வேண்டாம். ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள் ரூலை அழித்து, அதே வேலைக்கு ஆஃப்டர் ட்ரிகரை உண்டாக்கி, கொமிட் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸில் இந்தக் கட்டளைகளும் ட்ரான்ஸாக்ஷனுக்கு அடங்கும் என்பதால் நடுவில் எந்த பில்லும் பதிவில்லாமல் போகாது. பழைய பதிவுகளை நேரத்தையும் படகையும் வைத்துச் சரியான பில்லோடு பொருத்தலாம், பெரும்பாலும் ஒன்று தள்ளித்தான் இருக்கும். விட்டுப்போன எண்களை நிரப்ப, அடுத்த எண்ணைத் தருகிற சீக்குவென்ஸைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள், தள்ளினால் ஏற்கெனவே அச்சடித்துக் கொடுத்த பில் எண் திரும்ப வரும்.